முளைக்காதது விதையின் குற்றமா, தண்ணீரின் குற்றமா?
தோல் தொழில் பகுதியில் வீட்டுக் காய்கறித் தோட்டம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகங்களில் ஒரு புகார் தவறாமல் வரும். ‘‘சார், மூணு வாட்டி கத்திரி விதை போட்டேன். ஒண்ணு முளைக்கிது, ஒண்ணு முளைக்கல. முளைச்சதும் ரெண்டு இலை விட்டதும் காய்ஞ்சு போவுது. விதை கெட்ட விதைங்களா?’’ கேட்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். காலையில் ஷூ கம்பெனி வேன் வருவதற்குள் வீட்டு வேலையை முடித்து, கொல்லையில் நாலு பாத்தி கட்டி, கடையில் விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டிருப்பார்.

சில நேரம் விதை கெட்டதுதான். ஆனால், இந்தப் பகுதியில் பல நேரம் விதை நல்ல விதையாகவே இருக்கும். அதன்மேல் ஊற்றிய போர் தண்ணீரில்தான் கோளாறு இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் விதைக் கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, ‘நம்ம மண்ணுக்குத் தோட்டம் ஒத்துவராது’ என்று கைவிட்ட வீடுகள் நிறைய. கைவிட வேண்டியதில்லை. தண்ணீரைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப விதையைப் போட்டால் இந்த மண்ணிலும் வீட்டுக்கு வேண்டிய கத்திரி, தக்காளி, கொத்தவரை, சுரை எல்லாம் எடுக்கலாம்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம் பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட காலத்திலும் உப்பு உண்டு. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புதான் தடவுவார்கள். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவிகிதம்வரை உப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. தொழிற்சாலைக்கு வந்ததும் அந்தத் தோலை ஊறவைத்துக் கழுவுகிறார்கள். கழுவிய தண்ணீரோடு உப்பும் போகிறது. பிறகு குரோமியம் உப்பு கொண்டு பதனிடும் முறை பரவி, தொழில் பெருகியபோது, போகிற உப்பின் அளவும் பெருகியது. சுத்திகரிக்காத கழிவுநீர் பல ஆண்டுகள் கால்வாயிலும் ஏரியிலும் ஆற்றிலும் கலந்து, மணல் வழியே இறங்கிக் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கை அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, இழப்பீடு கணக்கிட ஆணையமும் அமைந்தது. ஆனாலும் பிரச்னை முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்தப் பகுதிக்காகத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், மாசைச் சரிசெய்வதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

கிணற்றுக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்த மறுநாளே வெளியேறிவிடாது. நல்ல மழை பெய்து, ஆறு ஓடி, நிலத்தடி நீர் கழுவப்பட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதுவரை வீட்டுத் தோட்டக்காரர் தன் தண்ணீரைத் தெரிந்துகொண்டுதான் விதைக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் போர் நல்ல தண்ணீராகவும், அடுத்த வீட்டுப் போர் உப்புத் தண்ணீராகவும் இருப்பது இங்கே சாதாரணம். அதனால் அடுத்த வீட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

உப்பு விதையை என்ன செய்கிறது?

காய்ந்த விதை முளைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரை உறிஞ்சி ஊத வேண்டும். சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு அதிகமானால் விதையால் அதை எளிதில் இழுக்க முடிவதில்லை. ஈரம் இருந்தும் விதைக்குத் தாகம்தான். அதனால் ஏழு நாளில் முளைக்க வேண்டியது பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்குள் பூஞ்சாணம் தாக்கி விதை அழுகுகிறது. தப்பி முளைத்த செடியின் இலை நுனி கருகுகிறது.

இரண்டாவது கேடு மண்ணில் நடக்கிறது. தோலுக்குப் போடுவது சோறாக்கும் அதே சோடியம் உப்புதான். மண்ணில் சோடியம் சேர்ந்தால் களித்துகள்கள் பிரிந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல், காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல இறுகிவிடும். கத்திரி, தக்காளி, கீரை போன்ற சிறிய விதைகளின் முளைக்கு அந்த ஓட்டைப் பிளந்து வெளியே வரும் பலம் இல்லை. தோண்டிப் பார்த்தால் ஓட்டுக்குக் கீழே வெள்ளை முளை வளைந்து கிடக்கும்.

செடி வளர்ந்து வேர் ஆழமாகப் போன பிறகு தாங்கக்கூடிய உப்பை, முளைக்கும் பருவத்தில் தாங்க முடிவதில்லை. பீட்ரூட்டே இதற்குச் சாட்சி. வளர்ந்த பீட்ரூட் உப்பை நன்றாகத் தாங்கும் பயிர். ஆனால், முளைக்கும்போது அதுவும் உப்புக்குப் பயப்படும். ஆகவே, விதையிட்ட நாள் முதல் நட்டு வேர் பிடிக்கும் நாள் வரை, அந்த ஆறு வாரம் மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டு டப்பா சோதனை

விதையா, தண்ணீரா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விதையையே கேட்டுவிடலாம். மூடியுள்ள இரண்டு சாப்பாட்டு டப்பா, பழைய பருத்தித் துணி, 40 விதைகள் போதும்.

ஒரு டப்பாவில் மழைநீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து 20 விதைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, துணியை மடித்து மூடவும். மழைநீர் இல்லையென்றால் குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் போதும். மற்ற டப்பாவில், தோட்டத்துக்கு ஊற்றும் போர் அல்லது கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியில் அதே பாக்கெட்டிலிருந்து 20 விதைகளை வைக்கவும். டப்பாவின் மேல் ‘மழை’, ‘போர்’ என்று எழுதி, இரண்டையும் வெயில் படாத ஒரே இடத்தில் வைக்கவும். துணி காயாமல் அந்தந்தத் தண்ணீரையே தெளிக்கவும். வெண்டை, காராமணி ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கத்திரி, தக்காளிக்கு 14 நாள் வரை பார்க்க வேண்டும். மிளகாய்க்கும் அவசரப்படக் கூடாது.

விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். இரண்டு டப்பாவிலும் நன்றாக முளைத்திருந்தால் விதையும் நல்லது, தண்ணீரும் முளைப்புக்குத் தடையில்லை. முளைக்காமல் போனதற்குக் காரணம் ஆழமாக விதைத்தது, எறும்பு, ஈரக் குறைவு என வேறு எங்கோ இருக்கிறது. மழை டப்பாவில் முளைத்து, போர் டப்பாவில் முளைக்காமலோ, தாமதமாகி வேர் நுனி பழுத்தோ இருந்தால் குற்றம் தண்ணீரில். இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் குற்றம் விதையில். அப்போது கடைக்காரரிடம் போய்க் கேட்கலாம், டப்பாவையும் கையோடு கொண்டுபோகலாம்.

எத்தனை முளைத்தால் நல்ல விதை? சான்று விதைக்குரிய குறைந்தபட்ச முளைப்புத்திறன் கத்திரிக்கும் தக்காளிக்கும் 70 சதவிகிதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது, மழை டப்பாவில் 20 கத்திரி விதைக்கு 14 முளைத்தால் நல்ல விதை.

டி.டி.எஸ். எவ்வளவு?

இந்தப் பகுதியில் ஆர்.ஓ. மெஷின் இல்லாத தெரு குறைவு. மெஷின் மாட்ட வருபவர் பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் விட்டுச் சொல்லும் எண்தான் டி.டி.எஸ். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. தோட்டத்துக்கும் அந்த எண் உதவும்.

450-க்குக் கீழே இருந்தால் எந்தக் காய்கறிக்கும் கவலையில்லாமல் ஊற்றலாம். 450 முதல் 2,000 வரை பார்த்துப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய தண்ணீர். பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நாற்றுக்கு ஊற்றக் கூடாது. 2,000-க்கு மேல் என்றால் காய்கறித் தோட்டத்துக்கு அந்தத் தண்ணீரை நம்ப வேண்டாம். மழைநீரோடு கலந்து, உப்பைத் தாங்கும் பயிருக்கு மட்டும் கொடுக்கலாம். தண்ணீரும் மழைநீரும் சரிபாதி கலந்தால் உப்பு ஏறத்தாழ பாதியாகும் என்பது எளிய கணக்கு.

டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும். சோடியம் எவ்வளவு, குரோமியம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. தொழிற்சாலை, கழிவுநீர்க் கால்வாய், பழைய கழிவுக் கிடங்கு இவற்றுக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால், வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் ஒரு தடவையாவது தண்ணீரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குரோமியத்துக்குத் தனிப் பரிசோதனை என்பதால் எங்கே செய்வார்கள் என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளவும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி சொல்வார்கள்.

ஒரு மழை போதும்

நாற்று வளர்க்க நிறைய தண்ணீர் தேவையில்லை. 20 சதுர மீட்டர் கூரையில், அதாவது சுமார் 215 சதுர அடி ஷீட்டிலோ மாடியிலோ, ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சிந்தியது, கழுவி விட்டது போக 160 லிட்டர் பிடிக்கலாம். 50 குழி நாற்றுத் தட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என 30 நாளைக்கு 30 லிட்டர். நட்ட பிறகு 15 செடிக்கு தினம் அரை லிட்டர் வீதம் 14 நாளைக்கு 105 லிட்டர். ஆகக் கூட்டினால் 135 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழையைப் பிடித்து வைத்தால் ஒரு வீட்டு நாற்றங்கால் தொடங்கி, நட்ட செடி வேர் பிடிக்கும் வரை போதுமானது.

முதல் மழையின் முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடவும். தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பழைய சாமான் கடையில் கிடைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம்கள் சிலவற்றில் முன்பு தொழிற்சாலை ரசாயனம் இருந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அவற்றில் தோட்டத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டாம். சிமென்ட் தொட்டியோ, வீட்டில் இருக்கும் புதுக் குடமோ போதும். கொசு வராமல் துணி கட்டி மூடவும்.

நாற்றுக் கலவைக்கு, சலித்த செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. தென்னை நார்க்கழிவு வாங்கினால் ஒரு செய்தி: கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். உப்புத் தண்ணீரை விலக்கிவிட்டு உப்பு நாரில் விதைத்தால் பலனில்லை. மழைநீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு சேர்க்கவும்.

விதைக்கும் முன், கொஞ்சம் சூடோமோனாஸ் தூளை ஆறிய சோற்றுக் கஞ்சியில் கலந்து விதைகளைப் புரட்டி நிழலில் உலர்த்தினால் நாற்றழுகல் குறையும். கிலோவுக்கு 10 கிராம் என்பது கணக்கு. வீட்டு அளவுக்கு இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகை போதும். கத்திரி, தக்காளி, மிளகாய் விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். வெண்டை, காராமணி, கொத்தவரை, சுரை, பீர்க்கன் இவற்றை நாற்று விடாமல் நேரடியாக ஊன்றலாம். முளைக்கும் வரை அவற்றுக்கும் மழைநீரையே ஊற்றவும். 25 முதல் 30 நாளில் கத்திரி, தக்காளி நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாகத் தேவைப்படும்.

தரையிலா, பையிலா?

கொல்லை மண் நல்ல மண்ணாக இருந்தால் தரையே சிறந்தது. வெயில் காலத்தில் மண் மேல் வெள்ளை பூத்தாலோ, தண்ணீர் ஊற்றினால் நெடுநேரம் தேங்கி நின்றாலோ அது உப்பு, களர் அறிகுறி. பரிசோதனையில் மண்ணின் கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் போய், சோடியமும் அதிகம் என்று வந்தால் ஜிப்சம் இட வேண்டும். எவ்வளவு என்பதை முடிவுச் சீட்டில் எழுதியிருப்பார்கள். ஹெக்டேருக்கு 2 டன் என்று எழுதியிருந்தால், 10 சதுர மீட்டர் பாத்திக்கு 2 கிலோ. ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிட்டு, மழைக்காலத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி வடியும்படி விட வேண்டும். உப்பு கீழே இறங்க வழி இல்லையென்றால் ஜிப்சம் போட்டும் பயனில்லை.

பார் கட்டி நடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தண்ணீர் வாய்க்காலில் ஓடி, ஈரம் பாரின் உச்சிக்கு ஏறிக் காயும்போது உப்பு உச்சியில் சேரும். எனவே, விதையையும் நாற்றையும் பாரின் உச்சியில் வைக்காமல் சரிவில், தண்ணீர் மட்டத்துக்கு அருகில் வைக்கவும். வைக்கோல், காய்ந்த இலை கொண்டு மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும், உப்பு மேலே வருவதும் குறையும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்ற வேண்டும். இலையில் பட்டுக் காய்ந்தால் ஓரம் கருகும்.

இனி குரோமியம். தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூவிணைதிறன் குரோமியம். அதைவிட அதிக நச்சு கொண்டது ஆறிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுமேட்டின் பிரச்னை இந்த இரண்டாவது வகைதான். செடிகள் மண்ணிலிருந்து எடுக்கும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. காய்க்கு ஏறுவது குறைவு. இதனால், மண்ணில் சந்தேகம் உள்ள இடத்தில் முள்ளங்கி, பீட்ரூட், கேரட் போன்ற வேர்க் காய்களையும், மண் தெறித்து ஒட்டும் கீரைகளையும் தரையில் போட வேண்டாம். தொழிற்சாலைக் கழிவு கொட்டிய இடம் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்தப் பயிரையும் அந்த மண்ணில் சாப்பாட்டுக்குப் போட வேண்டாம். ஒரு அடி உயரப் பைகளில், வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல செம்மண்ணில் வளர்க்கவும். பையைத் தரைமேல் நேராக வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் வேர் கீழே இறங்காது, உப்பும் வடிந்துபோகும்.

தொழிற்சாலைச் சேறு, சீவல் தூள், எரித்த சாம்பல் எதையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் உரமாகப் போட வேண்டாம். ‘தழைச்சத்து இருக்கிறது’ என்பார்கள். கூடவே உப்பும் குரோமியமும் இருக்கும். ஒரு தடவை போட்டால் எடுக்க வழியில்லை.

எந்தத் தண்ணீருக்கு எந்தக் காய்?

உப்பைத் தாங்குவதில் காய்கறிகளுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி மிகவும் மென்மையானவை. கத்திரியும் மிளகாயும் அவற்றுக்கு அடுத்தபடி. முட்டைக்கோஸ், பசலை நடுவில். தக்காளியும் வெள்ளரியும் கொஞ்சம் தாங்கும். பூசணி வகையில் சில அதைவிடத் தாங்கும். காராமணி நன்றாகத் தாங்கும். எல்லாவற்றையும் மிஞ்சுவது கொத்தவரை.

ஆகவே, டி.டி.எஸ். ஆயிரத்துக்கு மேல் உள்ள வீட்டில் தரைப் பாத்தியில் கொத்தவரை, காராமணி, பூசணி, தக்காளி. மழைநீர் கொடுக்க முடிகிற பைகளில் கத்திரி, மிளகாய், கீரை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கத்திரிக்கு ஆயிரம் டி.டி.எஸ். தண்ணீர் ஊற்றினால் செடி செத்துவிடாது. நாற்றுப் பருவத்தைத் தாண்டிவிட்டால் காய்ப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். இரண்டாயிரம் என்றால் நன்றாகவே குறையும்.

இந்த மண்ணின் கத்திரியைக் காப்போம்

இவ்வளவு சொன்ன பிறகும் கத்திரியை விட மனம் வராது. காரணம் உண்டு. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியின் பெயரால் அறியப்படும் முள்ளுக் கத்திரி இந்த மாவட்டத்தின் சொந்தக் கத்திரி. காம்பிலும் இலையிலும் தண்டிலும் முள், பளபளக்கும் ஊதா நிறக் காய், குழம்பில் தனி ருசி. வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்ற பெயரில் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த இலவம்பாடி வகையிலிருந்து தெரிவு செய்த வி.ஆர்.எம். 1 என்ற ரகம் விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. ஆம்பூர் பிரியாணிக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் இல்லாமல் இலை நிறையாது என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இது வீரிய ஒட்டு ரகம் இல்லை. விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாயைப் போலவே வரும். இந்த விதையை இத்தனை தலைமுறை காப்பாற்றி வந்தவர்கள் விவசாயக் குடும்பங்கள்தான். உப்புத் தண்ணீரால் இரண்டு பட்டம் முளைக்காமல் போனால், ‘விதை கெட்டுப்போச்சு’ என்று வீட்டு விதையைக் கொட்டிவிட்டுக் கடைப் பாக்கெட்டுக்கு மாறிவிடுகிறார்கள். குற்றம் தண்ணீரில் இருக்க, தண்டனை விதைக்குக் கிடைக்கிறது. ஒரு வீட்டில் போன விதையைப் பக்கத்து ஊரில் கேட்டு வாங்கலாம். எல்லா வீட்டிலும் போய்விட்டால் யாரிடம் கேட்பது? வீட்டு விதையைக் கொட்டும் முன் இரண்டு டப்பா சோதனையைச் செய்து பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

விதை எடுக்கும் முறை எளிது. தோட்டத்தில் நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் இரண்டு செடிகளைக் குறித்துக்கொள்ளவும். பக்கத்தில் வேறு கத்திரி இருந்தால் தேனீ, வண்டு மூலம் கலப்பு நடக்கும். விதைக்காக வயலில் பயிரிடும்போது 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. வீட்டில் அது முடியாது. அதனால், பூ விரிவதற்கு முந்தின மாலை மொட்டின்மேல் மெல்லிய துணிப் பை கட்டி, காலையில் பூவை விரலால் மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். கத்திரி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பிஞ்சு விட்டதும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு நூல் கட்டவும். யாரும் குழம்புக்குப் பறித்துவிடாமல் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்கவும்.

காய் முற்றி, ஊதா போய் முழுவதும் மஞ்சளாகும் வரை செடியிலேயே விடவும். பறித்து ஒரு வாரம் நிழலில் வைத்தால் உள்ளே விதை முதிரும். அறுத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிடவும். கழுவுவதும் மழைநீரில்தான். இரண்டு மூன்று நாள் நிழலிலும், பிறகு இளவெயிலிலும் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மாதமும் வருடமும் எழுதி ஒட்டவும். நன்றாகக் காய்ந்த கத்திரி விதை இரண்டு, மூன்று ஆண்டு முளைக்கும். ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் 20 விதையை டப்பாவில் போட்டுப் பார்த்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. மிச்சத்தில் ஒரு பிடியை உறவினருக்கோ பக்கத்து ஊருக்கோ கொடுத்து வைக்கவும். நம் பாட்டில் கெட்டாலும் அங்கே விதை இருக்கும்.

வாசகர் கேள்விகள்

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறது. செடிக்கு ஊற்றலாமா?

காய்கறிக்கு வேண்டாம். போர் தண்ணீரில் இருந்த உப்பைப் பிரித்து, அடர்த்தியாக்கி வெளியே விடுவதுதான் அந்தத் தண்ணீர். போரைவிட அதில் உப்பு அதிகம். தரை கழுவ, கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம். ஆனால், அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

கடையில் வாங்கிய தக்காளியிலிருந்து விதை எடுத்துப் போட்டால் காய்க்குமா?

காய்க்கும். சந்தைக்கு வரும் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம் என்பதால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. ஒரு செடி பெரிய காய், ஒரு செடி சிறிய காய் என்று கலந்து வரும். வீட்டுக்குப் பரவாயில்லை. ஆனால், ஆண்டுதோறும் விதை எடுக்க நாட்டு ரகமே ஏற்றது.

விதைத்தது முளைக்கிறது. பத்தாம் நாள் தண்டு அடியில் நைந்து சாய்கிறது. இதுவும் உப்பா?

இல்லை, இது நாற்றழுகல். ஈரம் அதிகமாகி, நெருக்கமாக விதைத்தால் வரும். தண்ணீரைக் காலையில் மட்டும் கொடுத்து, காற்றோட்டம் கிடைக்கும்படி நாற்றைக் கலைத்துவிடவும். உப்பால் வரும் கேடு இலையின் நுனியிலும் ஓரத்திலும் கருகலாகத் தொடங்கும். தண்டு நைந்து சாய்ந்தால் பூஞ்சாணம் என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் பட்டத்தில் தொடங்குவது நல்லது?

உப்புப் பிரச்னை உள்ள வீட்டுக்கு ஆடிப்பட்டம்தான் முதல் தேர்வு. கோடை முழுவதும் மேலே ஏறிய உப்பை மழை கீழே இறக்கிவிடும். முதல் மழையிலேயே விதைக்காமல், இரண்டு நல்ல மழை மண்ணைக் கழுவிய பிறகு விதைக்கவும். தைப்பட்டத்தில் போடுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் போர் தண்ணீரை நம்பி நாற்று விட வேண்டாம்.